காலர் வைத்த சட்டை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

போனில் பேசினால் பக்கத்திலேயே சிட்டு நிற்பாள். அவளுக்குப் பாம்புக் காது. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படி.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. இரண்டாம் வகுப்பு மொத்தமும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வட்டக் கழுத்துச் சட்டை. என் பெண்ணுக்கு மட்டும் தாடை வரைக்கும் காலர். நீதான் தைத்திருப்பாய், உன் தையல் எனக்குத் தெரியாதா? இந்த வெயிலில் எதற்குக் காலர்? எதை மூடுகிறாய்?

ஏழே முக்கால் வயதுப் பிள்ளை கடைசி வரிசையில் நிற்கிறாள். பக்கத்தில் நிற்பவளைவிட ஒரு சாண் உயரம், இரண்டு பங்கு அகலம். நெஞ்சுப் பக்கம் சட்டை நிற்கிற விதமும் சரியில்லை. நான் அம்மா, எழுதலாம். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரியிடம் போட்டோவைக் காட்டினேன். "உங்க பொண்ணு ஆறாங் கிளாஸா?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே போனில் சொன்னாள்: "அம்மா, பெரியம்மா கழுத்தத் தேய்ச்சா எரியுதும்மா." நீ உடனே போனை வாங்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினாய். மழையைப் பற்றிப் பேசுகிற ஆளா நீ?

அவளுக்கு என்ன கொடுக்கிறாய்? யாராவது சொன்னார்கள் என்று மருந்து, லேகியம் ஏதாவது? மறைக்காமல் எழுது. எதையாவது மறைத்தால் உன் எழுத்து வலப்பக்கம் சாயும். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்தை நீ போட்ட காலத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

சின்னவள்


பிப்ரவரி 12

சின்னவளுக்கு,

உன் விசாரணைக் கடிதம் கிடைத்தது. குற்றப்பத்திரிகை வாசித்த பிறகாவது "அக்கா, நீ எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கழுத்தில் அழுக்கு. அவ்வளவுதான். உன் மகள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளித்தேன் என்று வருகிறவள். நார் போட்டுத் தேய்த்தும் கருப்பு முழுக்கப் போகவில்லை. வகுப்பில் ஒரு வாலில்லாக் குரங்கு "கரிக்கழுத்து" என்று கூப்பிட்டதாம், அழுதுகொண்டே வந்தாள். அதற்காகத்தான் காலர். தையற்காரி வேறு என்ன செய்வாள்?

என்ன கொடுக்கிறேன் என்றா கேட்கிறாய்? நீ அனுப்புவதைக் கொடுக்கிறேன். ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த பிள்ளை, சிட்டுக்குருவி மாதிரி இருந்தாள் என்றுதானே அந்தப் பெயரே வந்தது. "சிட்டு சாப்பிட்டாளா, சிட்டு சாப்பிட்டாளா" என்று ஏழு வருடமாக நீ கேட்காத நாள் உண்டா? மாதத்துக்கு நாலு டின் மால்ட் பவுடர் உன் ஃபேக்டரியிலிருந்து வருகிறது. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், மேலே சர்க்கரை. எல்லாம் உன் உத்தரவு. நானும் ஒன்று கேட்கிறேன். அடிபட்டு நெளிந்த டின்களை ஊழியர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றாய். வெளியே மட்டும்தான் நெளிந்திருக்கிறதா? உள்ளே என்ன போடுகிறார்கள் என்று உனக்கே தெரியுமா?

உயரம் நம் குடும்பத்து வளர்த்தி. நீ மட்டும் என்ன, பத்து வயதில் பெரியவளாகி உட்காரவில்லையா?

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

"அழுக்கு" என்று எழுதிய இடத்தில் எழுத்து சாய்ந்திருக்கிறது.

பத்து வயதில் நான் பெரியவளானதை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. நான்கு மாதம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ கண்டுபிடித்த அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க நான் குனிந்துதான் நடந்தேன். என் முதுகு இன்னும் நிமிரவில்லை.

டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் தராசு முன்னால் நிற்கிறவள் நான். ஐந்நூறு கிராமுக்கு மூன்று கிராம் கூடினாலும் டின்னைத் தள்ளிவிடுவேன். பவுடர் சுத்தமானது.

அவளுடைய வகுப்பு டீச்சருக்குப் போன் செய்தேன். "விளையாட்டுப் பீரியடுக்கு டிரஸ் மாத்த வரவே மாட்டேங்கறா. யாராவது தொட்டா அழறா. வீட்ல எல்லாம் சரிதானேம்மா?" என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் இறங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறேன். ஒரு பிள்ளை உடை மாற்றப் பயப்படுகிறாள், தொட்டால் அழுகிறாள், கழுத்தை மூடிக்கொண்டு திரிகிறாள். என் இடத்தில் நீ இருந்தால் என்ன நினைப்பாய்? நீ தைத்த துணியைக் கொடுக்கப் போகிற நேரத்தில் வீட்டில் அவளோடு யார் இருக்கிறார்கள்? ஸ்கூட்டரில் அத்தான் அவளை முன்னால் நிற்க வைத்துத்தானே கூட்டிப் போகிறார்? அத்தான் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்கிறேன். அத்தான் அவளிடம் சரியாக நடந்துகொள்கிறாரா?

சின்னவள்


மார்ச் 1

சின்னவளுக்கு,

நீ மட்டும் படி என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். இந்த வீட்டில் உன் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் சாப்பிடுவார், நான் எதிரில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். முந்தின கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உன் தங்கச்சி போலீஸ்ல சேந்திருக்கணும்" என்றார்.

இதையும் அப்படித்தான் வாசித்தேன். தராசு, டீச்சர் எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தேன். கண்ணுக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. "அத்தான் அவளிடம்" என்று சொன்ன பிறகுதான் வரி எங்கே போகிறது என்று புரிந்தது. நிறுத்தினேன். அவர், "மிச்சத்தையும் படி" என்றார். படித்தேன்.

தட்டில் பாதிச் சோறு இருந்தது. கையைக் கழுவினார். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறார், சிட்டு பள்ளிக்கூடம் போன பிறகு. ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிப் போவதில்லை, நான் நடத்திக் கூட்டிப் போகிறேன். "பெரியப்பாவுக்கு என் மேல கோவமா? நான் குண்டா இருக்கறதால வண்டி தாங்காதா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? நீயே எழுது, வாசித்துக் காட்டுகிறேன்.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

நான் கேட்டது தப்பென்றால் தப்புதான். ஆனால் உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அத்தானைப் பற்றி இருக்கிறது, சோற்றைப் பற்றி இருக்கிறது, ஸ்கூட்டரைப் பற்றி இருக்கிறது. கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் நெஞ்சைப் பற்றியும் இல்லை. என்னை அழ வைத்துக் கேள்வியை மறக்கடிப்பது உன் பழைய வித்தை.

ஏப்ரல் 28ஆம் தேதிக்கு லீவு கிடைத்திருக்கிறது. வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இப்போதே சொல்லி வை.

சின்னவள்


மார்ச் 22

சின்னவளுக்கு,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி.

பதினைந்தாம் தேதி பட்டறையிலிருந்து அவர் காலையிலேயே வந்து வாசலில் நின்றார். "யார் என்ன நெனச்சாலும் சரி, பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டணும். நீ வரியா, நானே கூட்டிட்டுப் போகவா?" என்றார். பிறகு அவரே, "இல்ல, நீயும் வா. நான் தனியா கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

குழந்தைகள் டாக்டர், பெண்தான். சிட்டுவின் காலரை இறக்கிப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து கிடந்தது. "யார் தேய்க்கிறது?" என்றார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தப்பு செய்த பிள்ளை மாதிரி. "இது அழுக்கு இல்லம்மா. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. இன்சுலின் அதிகமா இருந்தா தோல் இப்படிக் கருத்துத் தடிக்கும்" என்றார். சிட்டு உடனே திரும்பி என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை.

ரத்தம் எடுத்தார்கள், கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயது ஏழே முக்கால், எலும்புக்குப் பத்து வயது. சர்க்கரை சரியாக இருக்கிறது, இன்சுலின்தான் மிக அதிகம். சர்க்கரை சரியாக இருந்தால் அப்புறம் என்ன என்று நான் கேட்டேன். உன் அத்தான்தான் எனக்குப் புரிய வைத்தார்: "ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடல. உள்ள சில்லுனுதான் இருக்கு. ஆனா கம்ப்ரஸர் நிக்காம ஓடுது. எத்தன நாளைக்கு ஓடும்?" டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்து, "இனிமே நானும் இப்படியே சொல்றேன்" என்றார்.

எட்டு வயதுக்கு முன்னால் நெஞ்சு வளர ஆரம்பித்தால் கவனிக்க வேண்டுமாம். உடம்பில் கொழுப்பு சேரச் சேர, வயசுக்கு வருகிற நேரம் முந்திக்கொண்டு வரலாமாம். சின்னதாகப் பிறந்து வேகமாக எடை ஏறிய பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம் என்றார். அம்மா எந்த வயதில் பெரியவளானாள் என்று கேட்டார், பத்து என்றேன். ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாதாம். யார் மேலாவது பழி போடத்தான் நாம் இரண்டு பேரும் அலைகிறோம், டாக்டர் ஏமாற்றிவிட்டார்.

எடையைக் குறைக்க வேண்டாம், ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் அதை ஈடுகட்டும் என்றார். இனிப்புப் பானம் எதுவும் கூடாது, தினமும் ஓடி ஆட வேண்டும். இன்னும் ஒரு பரிசோதனை ஏப்ரல் கடைசியில். இது வேகமாகப் போனால் கொஞ்ச வருடம் நிறுத்தி வைக்க ஊசி இருக்கிறதாம். அதற்கு உன் கையெழுத்து வேண்டும்.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். இரண்டு மாதமாக என்று சொன்னேன்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

படித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். தராசு முன்னால் நின்று அழுதேன். சூப்பர்வைசர், "பவுடர் கண்ணுல பட்டுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆனால் அந்தக் கடைசி வரி. "இரண்டு மாதமாக." முழுக் கடிதமும் நேராக நிற்கிறது, அந்த வரி மட்டும் விழப்போகிறது.

போட்டோவில் பார்த்த எனக்கே தெரிந்ததே. தினமும் அவளை நார் போட்டுத் தேய்க்கிற உனக்குத் தெரியாதா? கால் அங்குலம் கூடினால் கண்ணாலேயே சொல்கிறவள் நீ. பக்கத்து வீட்டுக்காரி கர்ப்பமாக இருப்பதை அவளுக்கு முன்னால் கண்டுபிடித்தவள். எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை வைத்துத்தானே ஊசியா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்? நீ தேதியைப் பொய் சொன்னால் டாக்டர் கணக்கே தப்பாகாதா?

எனக்கு உன் சமாதானம் வேண்டாம். உன் அளவு நோட்டு வேண்டும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறாய், சிட்டுவுக்கும் இருக்கும். ஒரு தாளும் கிழிக்காமல் அனுப்பு.

சின்னவள்


ஏப்ரல் 7

சின்னவளுக்கு,

நோட்டு இதோடு வருகிறது. பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு அளவு இல்லாமல் மூன்று வாரம் தவிக்கப் போகிறேன், பரவாயில்லை. சிட்டுவின் பக்கங்கள் பின்னாலிருந்து தொடங்கும். நாலு பக்கம். மற்ற பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு வரி.

போன வருடம் ஜூலையில் பார். மார்பு ஒரு அங்குலம் கூட. பக்கத்தில், "வலது பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றாள்" என்று எழுதியிருப்பேன். உண்மையான தேதி அதுதான். நேற்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், நன்றாகத் திட்டு வாங்கினேன்.

நான் செய்தது இது. மாதத்துக்கு ஒரு முறை அவள் தூங்கும்போது யூனிஃபார்மின் பக்கத் தையலைப் பிரித்து, கால் அங்குலம் விட்டு, மறுபடி தைப்பேன். உள்ளே துணி விட்டுத்தான் எப்போதும் தைக்கிறேன். சட்டை இறுக்கவே இல்லை. அதனால் அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் சட்டை சின்னதாகிப் போய்த்தான் வளர்ந்ததைத் தெரிந்துகொள்கின்றன. என் வீட்டுப் பிள்ளைக்கு அது கூட நடக்கவில்லை. நெஞ்சுப் பக்கம் இரட்டைத் துணி வைத்தேன். கழுத்துக்குக் காலர். என் கைவேலை நன்றாக இருந்தது, அதுதான் கேடு.

ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்பாய். நோட்டுக்குள் போன ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்தையும் வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு எடை ஏறுகிறது, டம்ளரை ஒன்றாகக் குறைக்கட்டுமா என்று நான் கேட்டிருந்தேன். நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "என் பிள்ளை சாப்பிடுவது உன் கண்ணை உறுத்துகிறதா? பெற்றிருந்தால் தெரியும்."

அந்த வரிக்குப் பிறகு அவள் உடம்பைப் பற்றி உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. சர்க்கரையைக் கூட ஒரு கரண்டி கூட்டினேன், வீம்புக்கு. இதையும் எழுதிவிடுகிறேன். பிறகு பயம் வந்தது. தெரிந்தால் நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்ற பயம். கடைசியில் அதுதான் நடக்கப் போகிறது. அவள் துணிகளை மடித்து வைத்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தான் சாப்பிட்டு முடித்த பிறகு சத்தமாக வாசி.

அத்தான், நான் கேட்ட கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உங்களிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அக்கா வாயால் கேட்க வைத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வாருங்கள். வண்டி தாங்கும் என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள், வேறு யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.

அக்கா, என் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்தேன். அப்படி ஒரு வரி எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. கையெழுத்து என்னுடையது, சாயவே இல்லை. மனதார எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. அடுத்தவர் பிள்ளைக்குப் போகிற டின்னில் மூன்று கிராம் கூடினால் தள்ளிவிடுகிறவள், என் பிள்ளைக்கு மாதம் இரண்டு கிலோ அனுப்பிவிட்டுச் சாப்பிட்டாளா சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்க முடியாத குறைக்கு டின் அனுப்பினேன். டின் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

உன்னை முழுக்க நம்புகிறேன் என்று எழுத இன்னும் வரவில்லை. நம்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் அவள் அளவை எனக்கு எழுது, ஒரு நூல் கூடக் குறைக்காமல். இனி தையலைப் பிரிக்காதே. சட்டை இறுகினால் இறுகட்டும், எல்லோருக்கும் தெரியட்டும்.

28ஆம் தேதி வருகிறேன். டாக்டரைப் பார்க்க, கையெழுத்துப் போட. அவளைக் கூட்டிக்கொண்டு போக இல்லை. மடித்து வைத்த துணிகளை எடுத்து அலமாரியில் வை.

நாலாவது பக்கத்தை நீ அனுப்புவதற்கு முன் பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய். உன் கடைசி வரிக்குக் கீழே, நீளம், தோள், மார்பு, இடுப்பு என்று உன்னைப் போலவே வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள் சிட்டு. பென்சில், கோணல் எழுத்து. எண்ணுக்குப் பதில் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு. கடைசியில் கழுத்துக்கு மட்டும் எழுதியிருக்கிறாள்:

"கழுத்து: அழுக்கு இல்லை. டாக்டர் சொன்னார்."

அழித்துவிடாதே. நோட்டைக் கையோடு கொண்டுவருகிறேன்.

அதற்குள் வட்டக் கழுத்து வைத்து ஒரு சட்டை தைத்து வை. அளவு எடுக்கும் முன் எடுக்கலாமா என்று அவளிடம் கேள். இஷ்டமிருந்தால் பஸ் நிலையத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வரட்டும். இறங்கியதும் நான் முதலில் அவள் கழுத்தில்தான் முத்தம் கொடுப்பேன்.

சின்னவள்